உதைக்க மறுத்த லூர்தம்மாள்

ஓர் உதையில் இடுப்பு வலி போகும் என்றால், நீங்கள் குப்புறப் படுப்பீர்களா?

வடக்குப்பட்டு ஊரே படுத்தது. பிறக்கும்போது கால் முதலில் வந்தவர் உதைத்தால் பிடிப்பு விடுமாம். லூர்தம்மாள் அப்படிப் பிறந்தவள்; இடுப்பு பிடித்தவர்கள் அவளிடம்தான் உதை வாங்க வருவார்கள். 1991இல், சூளையில் செங்கல் சுமந்த அவளுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியாமல் வேலைக்கே போகவில்லை.

"உன்ன உதைக்க ஆள் தேடிக்கினு வரேன்," என்றான் கணவன் சாம்சன்.

"நான் உதைச்சு எவனுக்குய்யா சரியாச்சு? பஸ் ஏத்து என்னை!"

அரசு மருத்துவமனையில் மருத்துவர் மாத்திரையும் தினசரிப் பயிற்சியும் தந்து, முழங்காலை மடக்கிச் சுமை தூக்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டே மாதத்தில் லூர்தம்மாள் நிமிர்ந்து சூளைக்கு நடந்தாள். அடுத்து உதை வாங்க வந்து குப்புறப் படுத்த ஊர்க்காரர் கண்ணப்பனை, "எந்திரு மாமா, என் காலுல இன்னா கீது? ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா!" என்று எழுப்பினாள்.

உங்கள் தெருவில் யாரேனும் வலியோடு படுத்திருந்தால், இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.