தலைக்கு மேல் இருந்த பெயர்

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது நான்கு பேர். பெற்றது மூன்று, நான்காவது என் தம்பி. அம்மா போனபோது அவன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். இப்போது அவன் படம் எங்கள் கூடத்துச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. கடை வாசலில் நின்று சிரிக்கும் படம். தலைக்கு மேல் துளி இடம் விடாமல் முடியோடு வெட்டியிருக்கும். வருகிறவர்கள் ஏன் இப்படி என்று கேட்பார்கள். வெட்டச் சொன்னவள் நான்தான்.

பூந்தமல்லியில் அவன் செருப்புக் கடை வைத்திருந்தான். பெரிய கம்பெனி ஒன்றின் ஷூ விற்க ஆரம்பித்ததும் அதையே நம்பிவிட்டான். விளக்கு எரியும் போர்டைக் கம்பெனிக்காரர்களே மாட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் பெயர் ஆள் உயரத்துக்கு. தம்பி கடையின் பெயர் மூலையில் கடுகளவுக்கு. கேட்டால், "இன்னாக்கா நீ, அந்தப் பேரைப் பாத்துதான் ஜனம் படியேறுது" என்பான். ஆவடி கேம்ப் பிள்ளைகள் ஓட்டப் பயிற்சிக்கு வாங்குவார்கள். ஐயப்பன்தாங்கல் பிளாட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். மதியச் சோறு கொண்டுபோகும் நான், சாயங்காலம் வரை பெட்டி கட்டிக்கொண்டு அங்கேயே இருப்பேன். வந்தவர் காலைத் தன் தொடையில் வைத்து, தானே லேஸ் கட்டி, "நாலு தபா நடந்து பாரு நைனா" என்பான். வேறு கம்பெனி ஏஜெண்ட் ஒருவர் மாதம் தவறாமல் வருவார். அவருக்கு டீ கிடைக்கும், ஆர்டர் கிடைக்காது. "ஒரே ஊட்ல ரெண்டு அடுப்பு வேணாம்ணே."

பிறகு, சின்னக் கடைகளுக்குச் சரக்கு கிடையாது, சொந்த ஷோரூமிலும் போனிலும் மட்டுமே விற்பனை என்று பெரிய கம்பெனியில் யாரோ முடிவு செய்தார்கள். ஒருநாள் ஏணியோடு இரண்டு பேர் வந்து போர்டை இறக்கி வண்டியில் ஏற்றிப் போனார்கள். இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. கடையை மூடிவிட்டதாக நினைத்து ஜனம் வாசலோடு திரும்பியது. திறந்திருக்கிறது என்று தெரியட்டும் என, என் தம்பி ஸ்டூலை வெளியே போட்டு வெயிலில் உட்கார்ந்தான்.

அந்த ஏஜெண்ட்தான் வந்தார். "அண்ணாத்தே, இப்பவாச்சும் என் மூட்டையைப் பிரிக்கட்டா?"

பழைய ஷூவைக் கேட்டு வந்த பிள்ளைகள், மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே ஏஜெண்ட் இறக்கிய ஷூவைப் போட்டுப் பார்த்தார்கள். அடுத்த முறை பெயர் சொல்லி இதையே கேட்டார்கள். ஷோரூமில் அவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லையாம். போனில் வாங்கியது காலைக் கடித்ததாம். பெரிய கம்பெனியை விட்டு யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. போன இடம் சௌகரியமாக இருந்தது, திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் சங்கதி.

சில வருஷம் கழித்து, அவர்கள் விற்பனை சரிந்ததும், பெரிய கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். "மறுபடி சரக்கு போடுறோம் சார். நம்மது பழைய உறவு இல்லியா?"

தம்பி கேட்டான்: "போர்டை எறக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"அப்போ நான் இந்தக் கம்பெனியிலயே இல்லியே சார்."

சரக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டான். அவர் படியிறங்கியதும் சிரித்தான். "யாரைக்கா திட்றது? திட்றதுக்குக்கூட ஆள் இல்ல." நான் வளர்த்த பிள்ளை, உழைத்ததெல்லாம் எவன் பெயருக்கோ.

போன ஆடியில் அவன் போய்விட்டான். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நல்ல படம் அது ஒன்றுதான் இருந்தது, போர்டு இருந்த காலத்தில் எடுத்தது. செத்த பிறகும் அவன் தலைக்கு மேல் அந்தப் பெயர், கிரீடம் மாதிரி. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதை மட்டும் கூட்டாமலே தெரியும்.

"அதை வெட்டுப்பா" என்றேன் பேனர்காரரிடம்.

"வெட்டுனா தலை இடிக்கும்மா."

"இடிக்கட்டும்."

நான் சொல்லச் சொல்ல இதை எழுதி முடித்த பேத்தியைப் படத்துக்கு எதிரே உட்காரவைத்திருக்கிறேன். "அந்தக் கம்பெனி பேரு எங்கனா வந்துகீதா, நல்லா பாரு."

தாளைப் புரட்டிப் பார்த்தாள். "எங்கியும் இல்ல ஆயா."

"அப்ப மொதல்லருந்து சத்தமா படி. அவனும் கேக்கட்டும்."