எல்லாப் பெயருக்கும் ஒரு மிடறு

சாப்பிடும்போது யாராவது ஒரு டாக்டரின் பெயரைச் சொன்னால் போதும், இந்த அக்காவின் கை டம்ளரைத் தேடிப் போய்விடும். நல்ல டாக்டர், ஊரே திட்டுகிற டாக்டர், பல்லுக்கு, கண்ணுக்கு, எல்லோருக்கும் ஒரே அளவு மிடறு. முகத்தை டம்ளர் மறைத்துவிடும். இவருடைய தங்கையின் கணவர் வேண்டுமென்றே பெயர்களை அடுக்குவார். டம்ளர் காலியானதும், "பூட்டக்கா, இன்னொரு ஜக்கு கொண்டு வரட்டுமா?" என்பார்; வாயைப் பூட்டியே வைத்திருப்பதால் அவர் வைத்த பெயர் அது. "கொண்டு வாங்க. தாகமே உங்களாலதானே வருது" என்பார் இவர், சிரிக்காமல்.

மருத்துவர்களுக்கு உரிமம் கொடுக்கும் மன்றத்தில் இவர் புகார் விசாரணை அதிகாரி. நானும் அதே அறையில்தான் வேலை பார்க்கிறேன். புகாருக்கு டாக்டரிடம் பதில் கேட்பது, சிகிச்சைக் குறிப்புகளை வாங்குவது, கூட இருந்த நர்ஸை உட்கார வைத்துப் பேசவிடுவது, வெளி நிபுணரின் கருத்தைப் பெறுவது எல்லாம் எங்கள் பாடு. எச்சரிக்கையா, உரிமம் பறிப்பா, ஒன்றுமே இல்லையா என்பதை மன்றத்தின் குழு சொல்லும். அதுவரை புகார் இருப்பதே வெளியே தெரியக்கூடாது. அழுதுகொண்டு வரும் நோயாளியிடமும் பதறிக்கொண்டு வரும் டாக்டரிடமும் இவருக்கு ஒரே வாசகம்தான்: "விசாரிச்சாத்தான் தெரியும்ங்க." ஆனால் டாக்டருக்கு மட்டும் நாற்காலியை ஜன்னலோரம் போடுவார். "காத்து வரட்டும். பாவம், சட்டையெல்லாம் நனைஞ்சு போகுது."

தண்ணீர்ப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. முன்பொருமுறை ஒரு பெண் டாக்டரின் பெயரைக் கேட்டதும் இவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். அந்த டாக்டர் மேல் ஏதோ புகார் என்று தங்கையின் கணவர் தெருவுக்குச் சொன்னார், தெரு ஊருக்குச் சொன்னது. விசாரணையில் அந்த அம்மாள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று முடிந்தது. அதற்குள் அவருடைய கிளினிக்கில் ஆள் வருவது நின்று, கதவில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. அந்த வழியாக பஸ்ஸில் போனால் இவர் இன்றும் மறுபக்கத்து இருக்கையைத்தான் பிடிப்பார்.

போன வாரம் தங்கை வீட்டுச் சாப்பாட்டில் நானும் இருந்தேன். தங்கை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கடவாப்பல் எல்லாத்தையும் ஒரே மூச்சுல எடுத்துடலாம்னுட்டாரு. மயக்கம் குடுத்துடுவாராம், வலியே தெரியாதாம். வெள்ளிக்கிழமை காலைல." பல் டாக்டரின் பெயரையும் சொன்னாள். இவர் தண்ணீர் குடித்தார். வழக்கமான அளவுதான். நான்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அந்தப் பல் டாக்டரை நாங்கள் இருவரும்தான் விசாரித்துக்கொண்டிருந்தோம். மயக்கம் கொடுத்துவிட்டு, மூச்சைக் கவனிக்க ஆள் வைக்காமல் தானே பல்லையும் பிடுங்குகிறார் என்று புகார். ஒரு நோயாளி நீலம் பாரித்துப்போய், பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்திருக்கிறார். உதவியாளர் கூடவே இருந்தார் என்கிறார் டாக்டர். நிபுணரின் கருத்து இன்னும் வரவில்லை. விசாரணை முடியும்வரை அவர் யாருக்கும் மயக்கம் கொடுக்கக்கூடாது என்று தடை கேட்டு இவர் குழுவுக்கு எழுதிவிட்டார். குழு கூடுவதோ அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வாரக் கடைசியில். தங்கையிடம் சொன்னால் இவர் வேலை போகும். டாக்டர் தப்பே செய்யாதவராக இருந்தால் இன்னொரு கிளினிக்கும் மூடும். சொல்லாவிட்டால்? அந்தக் கேள்வியோடுதான் அந்த வாரம் முழுக்க அறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தோம்.

வெள்ளிக்கிழமை இவர் அலுவலகத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் தங்கை.

"காலங்காத்தால போன் பண்ணி, முடியல வாடின்னே, பதறிட்டு ஓடி வந்தேன். நெத்தி சில்லுன்னு இருக்கேக்கா!"

"உள்காய்ச்சல்டி."

"அப்ப எந்திரி. டாக்டர்கிட்ட போலாம்."

"டாக்டரெல்லாம் வேண்டாம். நீ பக்கத்துல இரு, போதும்."

"சரி, இருக்கேன். இன்னிக்குப் பல்லு வேண்டாம்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

"திங்கக்கிழமையும் எனக்கு முடியாது."

"அதுக்குள்ள சரியாயிடும்க்கா."

"ஆகாது. முடியாதுன்னா முடியாது, விடேன்."

தங்கை கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். துண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "இந்தப் பக்கம் திரும்பு. என் மூஞ்சியப் பாரு."

இவர் போர்வையை இழுத்துத் தலை முழுக்க மூடிக்கொண்டார்.