புட்டியில் வெளுத்த விலாங்குக் குஞ்சு

கடலூரில் என் வீட்டு அலமாரியில் ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. உள்ளே வேப்பிலை அளவில், சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு விலாங்குக் குஞ்சு. அதை ஓரிடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க எனக்கு இன்னும் வரவில்லை. மேல்தட்டில் வைப்பேன், மறுவாரமே கீழ்த்தட்டுக்கு மாற்றுவேன். "அத ஏங்க இப்படி பந்தாடுறீங்க?" என்பாள் என் மனைவி. அவளுடைய அண்ணன், என் மச்சான், விட்டுப்போன புட்டி அது.

1960களில் மச்சான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து ஒரு டீயை முழுசாகக் குடித்து நான் பார்த்ததில்லை. வெள்ளாற்று முகத்துவாரத்தில் எப்போதாவது வலையில் சிக்கும் இந்தக் குஞ்சு என்றால் அவருக்குப் பைத்தியம். உயிரோடு இருக்கும்வரை அதன் உடம்பு தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. கடுகு போல இரண்டு கண்கள் மட்டும் தனியே நீந்தும். உடம்பு மெலிசு, அதனால் தெரியவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது வளைகிறது. அந்த வளைவுதான் விளிம்பைக் காட்டிக்கொடுக்கிறது. குஞ்சின் உடம்பிலுள்ள கூழோ கடல்நீரைப் போலவே ஒளியை வளைக்கிறது, அதனால் அதற்கு விளிம்பே இல்லை என்பது அவர் கட்சி.

"காத்துக்கு ஏத்தாப்புல ஒரு கூழு செஞ்சுட்டா மனுசனயே மறைச்சிடலாம் மச்சான்!" என்பார்.

"மொதல்ல உங்க வாப்பா கண்ணுலேர்ந்து மறைங்க" என்று நான் சீண்டுவேன்.

சீண்டினேனே தவிர, விஷயம் விளையாட்டில்லை. மாமனாருக்குச் சிங்கப்பூரில் கடை இருந்தது; மகன் அங்கே வந்து உட்கார வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். "சிதம்பரத்துப் புரொபசர் இதுல விசயம் இருக்குன்னு சொன்னா படி. இல்லன்னா கப்பலேறு. ஜாஸ்தி பேச்சு வேணாம்." புரொபசர் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். உப்புக் குறைந்தால் தண்ணீர் ஒளியை வளைக்கும் அளவும் மாறும்; அப்படியானால் உயிருள்ள குஞ்சை உப்புக் குறைந்த தண்ணீரில் விட்டால் அதன் விளிம்பு தெரிய வேண்டும். திரும்பக் கடல்நீரில் விட்டால் மறைய வேண்டும். அதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

பல வாரம் காத்திருந்து ஒரு குஞ்சு கிடைத்தது. கடலூரில் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நானும் துணைக்குப் போனேன். சிதம்பரம் பஸ்ஸில் மச்சான் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி வந்தார். "ஆட்டாதீங்க மச்சான், அதுக்குத் தலை சுத்தப் போவுது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

புரொபசர் புட்டியை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "கடத்தண்ணியில ரெண்டு தூசி இருக்கு. வேற ஒண்ணும் காணோமே" என்றார். நல்ல மனிதர், வேடிக்கையாகத்தான் சொன்னார். விளிம்பு மெல்லிய கோடாகத்தான் தெரியும், அதற்கு இருட்டறை வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். சாவி வாங்கிவர ஆளை அனுப்பியிருந்தார். "கொஞ்சம் இருப்பா, வந்துடும்" என்றார். மச்சானால் இருக்க முடியவில்லை. தூசி என்ற சொல் அவரைக் குத்திவிட்டது. கதவு வரை போனார், வந்தார், மறுபடியும் போனார். திடீரென்று, செத்த உயிர்களைப் பதப்படுத்த மேசையில் வைத்திருந்த ஃபார்மலினை எடுத்துப் புட்டிக்குள் ஊற்றினார். "இப்ப பாருங்க சார், தூசியா இது?"

எங்கள் கண்ணெதிரே அது வெளுத்தது. தலை, முதுகு, வால் என்று ஒவ்வொன்றாகப் பால் நிறத்தில் தெரிய வந்தது. புரொபசர் புட்டியை எடுத்து மறுபடி ஜன்னல் பக்கம் பிடித்தார். "தெரியுதுப்பா. ஆனா நீ காட்டறதா சொன்னது இது இல்லையே" என்றார். அப்போது சாவி வந்தது.

அந்தப் பருவத்தில் வேறு குஞ்சு சிக்கவில்லை. மாமனாரும் காத்திருக்கவில்லை. கப்பலேறும் முன் மச்சான் புட்டியை என்னிடம் கொடுத்தார். அதற்குப்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தச் சாவி இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.

மச்சான் காலமான பிறகு, போன மாதம் அவர் மகள் வந்திருந்தாள். ஒளியை வளைத்துப் பொருளை மறைக்கும் புதுப் பொருட்களை எங்கெங்கோ செய்கிறார்களாம், செல்போனில் படித்துக் காட்டினாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்துபோய்ப் புட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்து, "கண்ணுக்கே தெரியாத ஒண்ணு. உங்க வாப்பா கண்டுபிடிச்சது" என்றேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத் தெரியுதே மாமா" என்றாள்.