சுற்றி நாலு தட்டு

ஜீவானந்தம் தலையை நிமிர்த்துவதற்குள் அடி விழுந்துவிட்டது. வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு குத்துக்காலிட்டிருந்தவர் மல்லாந்து விழுந்தார். வாயெல்லாம் ரத்தம் கரித்தது. நாக்கால் துழாவினார், கீழ்வரிசையில் ஒரு பல் ஆடியது.

“எந்திரிடா! என்ற தம்பி கால வாங்கிப்போட்டு, இங்க சாவகாசமா எண்ண உட்டுட்டு உக்காந்திருக்கறயா?”

பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு காளிதாஸ் நின்றான். ஒரு கையில் பாலித்தீன் பை. மறுகையில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் சம்மட்டி. முப்பது வயது. எட்டு மாதம் சத்தீஸ்கரில் ரிக்கில் வேலை செய்துவிட்டுப் போன மாதம்தான் திருச்செங்கோட்டுக்குத் திரும்பியிருந்தான். இதற்கு முன் ஜீவானந்தத்தை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

அவன் தம்பி குமரன், ஒன்பது நாளைக்கு முன் அண்ணனின் பைக்கை எடுத்துக்கொண்டு சங்ககிரிச் சாலையில் போனான். முறுக்கிய த்ராட்டில் முறுக்கியபடியே நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. பாலத்துச் சுவரில் மோதி, ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீர் ஓடும் வாய்க்காலில் விழுந்தான். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்துவிட்டார்கள். அந்த வண்டி அதற்கு முந்தின நாள் ஜீவானந்தத்தின் பட்டறையில் நின்றதை ஊரே பார்த்திருந்தது.

அவர் எழ முயன்றபோது விலாவில் உதை விழுந்தது. தரையில் ஊன்றிய இடது கையின்மேல் சம்மட்டியின் காம்பு இறங்கியது. சுண்டுவிரல் பச்சைக்குச்சி முறிவதுபோல ஒடிந்தது. அந்தச் சத்தம் அவருக்கே கேட்டது.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. ஜெயப்பிரியா ஓடி வந்தாள். வந்தவள் காளிதாஸைப் பார்க்கவே இல்லை. புருஷனைப் பார்த்துத்தான் கத்தினாள்.

“ஏனுங்க! நீங்க கைய ஓங்கிறாதீங்க! என்ன ஆனாலுஞ் செரி!”

காளிதாஸ் சிரித்துவிட்டான். “அடி வாங்கறது அவன். அவனுக்கே புத்தி சொல்றயாக்கா?”

அவளுக்குக் காரணம் இருந்தது. ஜீவானந்தம் குமாரபாளையத்து நெசவுக் குடும்பம். தறிச் சத்தம் பிடிக்காமல், பழைய இரும்புக் கடையில் கிடைத்த கார்புரேட்டர்களைப் பிரித்துப் பிரித்துத் தானாகவே தொழில் கற்றவர். முதலில் பிரித்ததில் பாதிக்குமேல் உடைத்தார். இறுகிய திருகைப் பார்த்தால் அப்போதெல்லாம் அவருக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும், கடித்துக்கொண்டே திருப்புவார், திருகின் தலை தேய்ந்துபோகும். மனிதர்களிடமும் அப்படித்தான். இருபத்துமூன்று வயதில், தன் வேலையைக் கேலி செய்த ஒருவனை ஸ்பேனரால் முகத்தில் அடித்தார். அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. இவருக்குச் சேலம் சிறையில் பதினெட்டு மாதம். வெளியே வந்தபின் இருபத்திரண்டு வருஷமாக அவர் யார்மீதும் கை வைத்ததில்லை. இறுகிய உலோகத்தோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டி உட்கார்ந்திருப்பார், ஒன்றும் உடையாது. சிறையில் இருந்தபோது வராத பொறுமை அந்தச் சின்னத் திருகுகளிடம் வந்தது என்று ஜெயப்பிரியாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

இப்போது கைக்கெட்டும் தூரத்தில் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் கிடந்தது. அவர் காலால் அதை அலமாரிக்கு அடியில் தள்ளினார்.

“எந்தக் கையில கழட்டுன? வலதுதான? வையி அந்தக் கல்லு மேல.” காளிதாஸ் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கி, பட்டறைக் கல்லின் பக்கம் தள்ளினான். “இனிமே எவன் வண்டியையும் நீ தொடக்கூடாது. ஒரே அடி. போயிருவேன்.”

வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை.

ஜீவானந்தம் வலது கையைக் கல்லின்மேல் வைத்தார். “ஒடைச்சுக்கோ சாமி. ஆனா மொதல்ல அந்தப் பையில இருக்கற கார்புரேட்டரத் தொறந்து பாத்துரலாம். ஒம்போது நாளா எனக்கும் தெரியல, நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு. என்னாலதான்னு தெரிஞ்சா, நீ புடிக்க வேண்டாம். நானே கையக் காட்டறேன்.”

பொய்யில்லை. ‘பெட்ரோல் ஒழுகுது’ என்றுதான் காளிதாஸ் வண்டியைக் கொண்டுவந்தான். கார்புரேட்டரை வண்டியிலிருந்து கழற்றாமல், அடியிலிருக்கும் கிண்ணத்தை மட்டும் இறக்கி, மிதவை ஊசியைத் துடைத்து மாட்டியதாகத்தான் நினைவு. மேல்பாதியைத் தொட்டோமா? த்ராட்டிலை முறுக்கினால் மேலேறிக் காற்றைத் திறக்கும் ஸ்லைடை வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டோமா? அன்றைக்கு ஏழெட்டு வண்டி. நினைத்து நினைத்துப் பார்த்ததில், நடந்தது எது, நினைத்தது எது என்றே தெரியாமல் போயிருந்தது.

காளிதாஸ் பையைக் கல்லின்மேல் கொட்டினான். “தொறடா. நானும் பாக்கறேன்.”

அது கார்புரேட்டர் மாதிரியே இல்லை. ஜவ்வரிசி ஆலையின் புளித்த தண்ணீரில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. மாவும் சேறும் காய்ந்து ஓடாகப் படிந்து, அதன்மேல் உலோகம் அரித்து வெள்ளையாகப் பூத்திருந்தது. திருகு எது, உடம்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாய்வழியாகப் பார்த்தார். ஸ்லைடு உச்சியில் ஏறி நின்றது. முழு த்ராட்டில்.

“ஜெயா, சுடுதண்ணி வையி. கொதிக்கோணும்.”

“இவனுக்குச் சமையல் வேறயா?” என்றான் காளிதாஸ். முதுகில் ஒரு குத்து விட்டான். ஜீவானந்தத்தின் நெற்றி கல்லில் இடித்தது.

கொதிநீரில் பத்து நிமிஷம். எடுத்து டீசலில். மறுபடி கொதிநீர். மேல்மூடியில் இரண்டு திருகுகள். திருகுத் தலையின் காடியில் அடைந்த வெள்ளையை ஊசியால் சுரண்டினார். இடது கை உதவவில்லை; ஜெயப்பிரியா துணி சுற்றிப் பிடித்துக்கொண்டாள். திருப்புளியைக் காடியில் நிறுத்தி, அதன் தலையில் சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டினார். பிறகு, கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை. அப்புறம் மறுபக்கம். அசையவில்லை. மறுபடி கொதிநீர்.

“என்னடா வெளையாடறயா?” காளிதாஸ் அவர் தலைமயிரைப் பிடித்து உலுக்கினான். அவர் வாயிலிருந்து ரத்தம் கார்புரேட்டரின்மேல் சொட்டியது. அவர் அதைத் துடைத்துவிட்டு, திருப்புளியை மறுபடி காடியில் வைத்தார். கைவேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்கக் காளிதாஸுக்கு வெறி ஏறியது. முக்கால் மணி நேரத்தில் ஒரு திருகு முனகிக்கொண்டு இளகியது. இன்னொன்று வரவில்லை.

“குடு இங்க!” காளிதாஸ் சம்மட்டியைத் தூக்கினான். “ஒண்ணுத்துக்கும் ஆகாத வேலை. சுத்தி நாலு தட்டுத் தட்டுனா வந்துட்டுப் போகுது. பதினஞ்சு அடி ராடே அப்புடித்தான் கழட்டறோம், இது என்ன சுண்டைக்காய்!”

ஜீவானந்தத்தின் கை நின்றது.

ரிக்கில் துளைக்கும் ராடுகள் மரையில் இறுகிக்கொண்டால், மூட்டைச் சுற்றி நான்கு பக்கமும் சம்மட்டியால் அடிப்பார்கள். அதிர்வில் மரை இளகும். திருச்செங்கோட்டில் பாதி வீட்டில் ரிக் வேலைக்காரர்கள். அது அவருக்கும் தெரியும். ராடு உருக்கு. அது தாங்கும்.

“காளிதாசு,” என்றார். “எங்கிட்டக் கொண்டாரதுக்கு முன்னாடி, இத நீ கழட்டுனயா?”

“கழட்டாம? எட்டு மாசம் கோழிப்பண்ணைச் சுவத்தோரம் நின்ன வண்டி. அந்தக் கோழி எருக் காத்துல வெள்ளையாப் பூத்துப்போய் ஸ்லைடு ஒட்டிக்கிச்சு. தட்டுனேன், வந்துருச்சு. அதுக்கென்ன இப்ப?”

“எதுல தட்டுன?”

காளிதாஸ் கையிலிருந்த சம்மட்டியைப் பார்த்தான்.

ஜீவானந்தம் டீசலில் துணியை நனைத்து, கார்புரேட்டரின் மேல்பாகத்தைத் துடைக்கத் தொடங்கினார். மாவு ஓடு பெயர்ந்தது. அடியில் வெள்ளைப் பூ கரைந்தது. முதலில் ஒரு பிறைத் தழும்பு தெரிந்தது. திருப்பினார். எதிர்ப்பக்கம் இன்னொன்று. பிறகு மற்ற இரண்டு. நாலு பக்கமும் அளந்து வைத்ததுபோல நாலு பள்ளம்.

இரண்டாவது திருகையும் எடுத்துவிட்டுத்தான் பேசவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இன்னும் இரண்டு தடவை கொதிநீர். திருகு வந்தது. மூடியை எடுத்தார். வெளிச்சுவரில் மட்டும் சுடுநீரை ஊற்றி, ஒரு மூங்கில் குச்சியால் ஸ்லைடை மேலிருந்து மெல்ல அழுத்தினார். அது நறநறவென்று இறங்கியது. பாதிக்குக் கீழே தானாக வழுக்கியது. மேலே தூக்கினார். பள்ளங்கள் இருந்த இடத்தில் கவ்விக்கொண்டு நின்றது.

“பாரு. ஊருக்குள்ள பாதி முறுக்குல ஓட்டற வரைக்கும் ஒண்ணுந் தெரியாது. முழுசா முறுக்குனா ஸ்லைடு சுவரு உள்ளார அமுங்குன இந்த எடத்துக்கு வரும். வந்தாக் கவ்விக்கும், கீழ எறங்காது.”

வாசலில் நின்றவர்களில் யாரோ, “அட, அவனே அடிச்சதுதானா?” என்றார்.

காளிதாஸ் அதைக் கையில் வாங்கினான். ஸ்லைடை மேலே தூக்கினான், இறக்கினான். தூக்கினான். நாலு பள்ளத்திலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். முகத்தில் எதுவும் மாறவில்லை. கார்புரேட்டரைக் கீழே வைத்துவிட்டு, தன் வலது கையைப் பட்டறைக் கல்லின்மேல் விரித்து வைத்தான். இடது கையால் சம்மட்டியை ஓங்கினான்.

ஜீவானந்தம் பாய்ந்தார். சம்மட்டி அவர் தோளில் பட்டுச் சறுக்கிக் கல்லில் விழுந்து தீப்பொறி பறந்தது. காளிதாஸ் மறுபடி ஓங்கினான். அவர் முஷ்டியை மடக்கி அவன் தாடையில் அடித்தார். இன்னொன்று. காளிதாஸ் சாயவில்லை, அவர் கழுத்தைப் பிடித்து நெரித்தான். அவர் முழங்காலால் அவன் வயிற்றில் இடித்து, இருவருமாகத் தரையில் விழுந்து எண்ணெய்ச் சேற்றில் புரண்டார்கள். ஜெயப்பிரியா சம்மட்டியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். இந்தத் தடவை அவள் புருஷனைத் தடுக்கவில்லை.

கடைசியில் ஜீவானந்தம் அவன் நெஞ்சின்மேல் உட்கார்ந்து இரண்டு மணிக்கட்டையும் தரையோடு அழுத்தினார். ஒடிந்த விரல் கோணலாக நின்றது.

“உடுங்கண்ணா.”

“உடமாட்டேன்.”

“நான்தானுங்கண்ணா. என்ற கையாலதானுங்க.”

“பாதித் தப்பு என்றது. ரெண்டு தடவ முறுக்கிப் பாத்தேன், நல்லாத் திரும்புச்சு. முழுசா முறுக்கிப் பாக்கல. அது என்ற தப்பு.”

காளிதாஸ் திமிறினான். தலையைத் தரையில் மோதிக்கொண்டான். ஜெயப்பிரியா குனிந்து தன் உள்ளங்கையை அவன் பின்னந்தலைக்கு அடியில் வைத்தாள். அடுத்த மோதல் அவள் கையில் விழுந்தது.

“அடுத்த மாசம் குமரனையும் ரிக்குல சேத்தறதா இருந்தனுங்க,” என்றான். “அவங்கிட்ட எப்புடிச் சொல்றது? மெக்கானிக்கு கைய ஒடைச்சுட்டு வாரேன்னு சொல்லிப்போட்டு வந்தேன்.”

“நான் சொல்றேன். பாதிய நான் சொல்றேன். மீதிய நீ சொல்லு.”

“அவன் என்னைக் கொல்லுவானுங்க.”

“கொல்லட்டும்,” என்றார் ஜீவானந்தம். மூச்சு வாங்கியது. அவன் கைகள் இன்னும் விறைத்திருந்தன. விறைப்பு தளரும்வரை அவர் மேலிருந்து இறங்கவில்லை.