அண்ணையின் அமெரிக்கா

2009ஆம் ஆண்டின் முதல் பாதி முழுவதும் உலகம் லூயிஷாமில், எங்கள் அண்ணையின் கடையில், மீன் பிரீசருக்குப் பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. நான் காசு வாங்கும் ரில்லில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டேன். கேட்காமல் இருக்க வழியில்லை. அங்கே கதைத்தவர்களில் குரலைத் தாழ்த்திக் கதைக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அறக்குளா மீன் வாங்க வந்தவர் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையில் என்ன நடக்கப்போகிறது என்பதை முழுவதாகக் கேட்டு அறிந்துகொண்டு, மீனை மறந்துவிட்டுப் போவார். நான்தான் பின்னால் ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும்.

நாங்கள் ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர்கள். அண்ணை எங்களுக்கு முன்பே வந்து கடை போட்டிருந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு தங்கச்சி. அவள் மட்டும் ஊரிலே நின்றுவிட்டாள். வன்னியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கலியாணம் கட்டியிருந்தாள், ஒரு மகளும் இருந்தாள். வாத்தியாரின் வயதான தாய் தகப்பனும் அவர்களோடுதான். சண்டை நெருங்க நெருங்க அவர்கள் ஒவ்வோர் இடமாகப் பெயர்ந்து, கடைசியில் புதுமாத்தளன் கடற்கரையில் தறப்பாள் கொட்டிலுக்குள் வந்து நின்றார்கள். முன்னால் கடல், பின்னால் களப்பு என்ற ஆழமில்லாத உப்புத்தண்ணீர் ஏரி, களப்புக்கு அங்கால் ஆமி. அங்கேயே நிற்பதா, களப்பைக் கடந்து ஆமியின் பக்கம் போவதா? நின்றால் செல் விழும். போனால் இந்தப் பக்கம் இயக்கம் விடாது, அந்தப் பக்கம் ஆமி சுடலாம். எங்கள் வீட்டில் அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு கேள்வி இருக்கவில்லை.

அண்ணையிடம் மட்டும் பதில் இருந்தது. அந்தப் பதிலின் பெயர் அமெரிக்கா.

அவருடைய கணக்கு இப்படி. சீனா இலங்கைக்கு ஆயுதம் கொடுக்கிறது, அம்பாந்தோட்டையில் துறைமுகம் கட்டுகிறது. வளர்ந்து வருகிற சீனா இந்து சமுத்திரத்தில் கால் ஊன்றுவதை, இவ்வளவு காலமும் உலகத்துக்குப் பெரியவனாக இருந்த அமெரிக்கா பார்த்துக்கொண்டிருக்காது. அமெரிக்காவுக்குத் திருகோணமலை வேண்டும். திருகோணமலை வேண்டுமென்றால் தமிழன் வேண்டும். ஆகவே அமெரிக்கா வரும். அரிசி மூட்டை அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் இலங்கையைக் கீறி, சுற்றிவர அம்புக்குறிகள் போட்டு வைத்திருந்தார். இலங்கை ஒரு மாங்காய் அளவு இருந்தது, சீனா ஒரு மூலையில் ஓட்டைப் பல்லு மாதிரித் தெரிந்தது.

"பெரியவனுக்கும் வளருறவனுக்கும் இடையிலதான் எங்கட இடம் இருக்கு. உந்த இடைவெளிக்குள்ள நாங்கள் பூந்திட வேணும்" என்பார்.

புகுவதற்கு அவரும் தன்னால் ஆனதைச் செய்தார். கடையில் சீனப் பூண்டை நிறுத்தினார். நாங்கள் உள்ளி என்போம். லண்டனில் விற்கிற உள்ளியில் பெரும்பாலானது சீனாவில் இருந்து வருவதுதான். அண்ணை ஸ்பெயின் உள்ளிக்கு மாறினார். அது விலை கூட, பல்லும் சின்னன். சனம் என்னிடம்தான் முறைப்பாடு வைத்தது. உரிக்க உரிக்க ஒன்றும் இல்லை என்று ஒரு மனுசி உள்ளியை ரில்லில் கொட்டிவிட்டுப் போனாள். அமெரிக்காவுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கோ அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கனரி வார்ஃபில் ஒரு வங்கியில் வேலை செய்த தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கிக் கறிவேப்பிலை வாங்க வருவார். மரியாதையான பிள்ளை. ஒரு நாள் அண்ணையின் அட்டையைப் பார்த்துவிட்டு, அலுமாரியில் இருந்த ஓர் இடியப்பத் தட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அடியில் சீனாவில் செய்தது என்று இருந்தது.

"அண்ணே, விக்கிறது சைனா, வாங்குறது அமெரிக்கா. முறைச்சுக்குவாங்க, அவ்வளவுதான். நமக்காகச் சண்டைக்கு வர மாட்டாங்க" என்றார்.

"தம்பி, உங்களுக்கு வங்கி தெரியும். எனக்கு அரசியல் தெரியும்" என்றார் அண்ணை.

அந்தத் தம்பி சிரித்துவிட்டுக் கறிவேப்பிலைக்குக் காசு கொடுத்தார். அண்ணை இடியப்பத் தட்டுகளையும் அன்றே அலுமாரியில் இருந்து எடுத்துவிட்டார்.

நான் அண்ணையைப் பகிடி பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பகிடிதான், ஆனால் அவர் முட்டாள் இல்லை. அவர் சொன்னதில் பாதி பேப்பரிலும் வந்தது. எங்கள் வானொலியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வாளர்கள் அதையேதான் இன்னும் பெரிய சொற்களில் சொன்னார்கள். லண்டனில் தமிழர் இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும், எட்மண்டனோ வெம்பிளியோ, தேத்தண்ணி வருவதற்கு முன் அமெரிக்கா வந்துவிடும். இயலாமையோடு இருக்கிற சனத்துக்கு ஏதாவது ஒரு பலசாலி வேண்டும். எங்களுக்கு அந்த வருடம் கிடைத்தது அமெரிக்கா.

அண்ணையை முழுதாக நம்பிய ஒருவர் வன்னியில் இருந்தார். தங்கச்சியின் கணவர், அந்த வாத்தியார். சமாதான காலத்தில் அண்ணை ஊருக்குப் போனபோது, அமெரிக்கா ஈராக்கில் இறங்கும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார். அப்போது உலகத்தில் அதைச் சொல்லாதவர் யாரும் இல்லை. ஆனால் வாத்தியார் அதை அண்ணையின் வாயால் கேட்டார், பிறகு நடந்தது. அன்று தொடக்கம் அவருக்கு அண்ணை சொன்னால் சொன்னதுதான்.

மார்ச் மாதத்தில், காயப்பட்டவர்களை ஏற்றுவதற்கு அந்தக் கரைக்கு ஒரு நிவாரணக் கப்பல் வந்து வந்து போனது. அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் இன்னொரு கதை எழும்பியது. முழுச் சனத்தையும் ஏற்ற அமெரிக்காவின் பெரிய கப்பல் வரப்போகிறதாம், வெளிக்கிட்டுவிட்டதாம், ஆழ்கடலில் நிற்கிறதாம். யார் சொன்னது என்று கேட்டால் எல்லோருக்கும் வேறு யாரோ சொன்னார்கள். அண்ணை அட்டையில் ஒரு கப்பலும் கீறினார்.

ஏப்ரல் தொடக்கத்தில் இருபது பெரிய நாடுகளின் தலைவர்கள் லண்டனுக்கே வந்தார்கள். மாநாடு நடந்தது ஆற்றுக்கு அங்கால், எங்கள் கடையில் இருந்து அவ்வளவு தூரம் இல்லை. வானத்தில் ஹெலிகொப்டர் சத்தம் ஓயவில்லை. அமெரிக்க அதிபரும் சீன அதிபரும் கைகுலுக்கியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பிரீசரடியில் எல்லோரும் அண்ணையின் முகத்தைப் பார்த்தோம்.

"சிரிப்பைப் பாத்தியளோ? உது உள்ளுக்குக் கடுப்பு இருக்கிறவன் சிரிக்கிற சிரிப்பு. இனிக் கன நாள் எடுக்காது" என்றார்.

எனக்கு அந்தச் சிரிப்பு வெறும் சிரிப்பாகத்தான் தெரிந்தது. எங்களைப் பற்றிய ஞாபகம் அந்த இரண்டு முகத்திலும் இல்லை என்று நினைத்தேன்.  சொன்னால் அரசியல் விளங்காதவள் என்பார்.

மாநாடு முடிந்த அந்தக் கிழமைதான் தங்கச்சியின் அழைப்பு வந்தது. அவர்கள் இருந்த இடத்தில் ஒருவரிடம் செய்மதித் தொலைபேசி இருந்தது. வரிசையில் நின்று கொஞ்ச நேரம் கதைக்கலாம். அவள் கடைக்குத்தான் எடுப்பாள், பகலில் நாங்கள் இருவரும் ஒன்றாக நிற்கிற இடம் அதுதான். அண்ணை எடுத்து, ஒலியைக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தார். முதலில் வாத்தியார்தான் கதைத்தார்.

"அண்ணை, சனம் களப்பாலை போகத் தொடங்குது. இவள் போவம் எண்டு நிக்கிறாள். நான் உங்களிட்டைக் கேட்டுத்தான் சொல்லுவன் எண்டிட்டன். கப்பல் வருமோ?"

அவருடைய குரலில் இருந்த பணிவை என்னால் இன்றும் தாங்க முடியாது. பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளையின் பணிவு.

"வரும் தம்பி. அமெரிக்கா உதைச் சும்மா விடாது. சீனா உள்ளுக்கை வந்தது அவனுக்குப் பொறுக்கேலாமல் கிடக்கு. நீங்கள் கரையை விட்டு விலகாதேங்கோ. விலகினால் கப்பலைத் தவற விட்டிடுவியள்."

நான் ரில்லைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் போனைப் பறித்தேன். அதற்குள் அந்தப் பக்கம் தங்கச்சி வாங்கியிருந்தாள்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடு. கேக்குதோ? ஒருத்தரும் வராயினம். நீ வெளிக்கிடு" என்று கத்தினேன்.

"அக்கா, மாமா மாமி நடக்க மாட்டினம்..." என்றாள். தொடர்பு அறுந்துவிட்டது.

அன்று நான் அண்ணையைப் பேசிய பேச்சு கடைக்கு வெளியே பஸ் தரிப்பிடம்வரை கேட்டிருக்கும். உங்கட அட்டையைக் கொண்டுபோய் அடுப்புக்குள் வையுங்கோ என்றேன். உங்கட அமெரிக்காவும் ஒரு மசிருமில்லை என்றேன். சனத்துக்கு முன்னால் ஒரு தங்கச்சி அண்ணையிடம் சொல்லக்கூடாத சொற்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, இன்னும் சொல்லியிருக்கலாம்.

"நான் என்ன, அதுகள் சாக வேணும் எண்டோ சொன்னனான்?" என்று மட்டும் கேட்டார்.

அதே நாட்களில் பாராளுமன்றத்துக்கு முன்னால் போராட்டம் தொடங்கியது. அண்ணை கடையை என்னிடம் விட்டுவிட்டு நாள் தவறாமல் அங்கே போனார். அமெரிக்கா காப்பாற்ற வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிய மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். பிரித்தானியாவின் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று அமெரிக்காவைக் கூப்பிடுகிறீர்கள் என்று என் கணவர் சொன்னதற்கு, எல்லாம் ஒரே வீட்டு ஆக்கள்தான், ஒருவனுக்குக் கேட்டால் மற்றவனுக்கும் கேட்கும் என்றார். நானும் போனேன். கத்தினேன். தொண்டை கட்டிப்போகும்வரை கத்தினேன். வேறு என்னதான் செய்வது?

ஏப்ரலின் பிற்பகுதியில் பெருந்தொகையான சனம் களப்பைக் கடந்து வந்துவிட்டது என்று செய்தி வந்தது. எங்களுக்கு எந்த அழைப்பும் வரவில்லை. மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. அமெரிக்கா கவலை தெரிவித்தது. சீனா இது உள்நாட்டு விவகாரம் என்றது. கப்பல் வரவில்லை. கடையில் சில நாட்கள் மீன் வாங்க வந்தவர்கள் மீனை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆனால் ஜூனில் பிரீசரடியில் மறுபடியும் கூட்டம் சேர்ந்துவிட்டது. இனித்தான் இருக்கு விளையாட்டு என்றார் ஒருவர். சீனா துறைமுகத்தைக் கட்டி முடிக்கட்டும், அப்போது பாருங்கள் அமெரிக்காவை என்றார் இன்னொருவர். அண்ணையும் தலையாட்டினார், முன்பு போல உரத்துக் கதைக்கவில்லை. எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. மீன் கத்தியை எடுத்துக்கொண்டு எல்லோரையும் கலைத்துவிடலாமா என்று இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம்தான் தங்கச்சி போன் எடுத்தாள். செட்டிகுளம் முகாமில் இருந்தாள். யாருடையதோ ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசி. நான்தான் எடுத்தேன். அவளுடைய குரல் என்று விளங்கவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அழுதேன், திட்டினேன், பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

"பிள்ளை இஞ்சை என்னோடை இருக்கிறாள். சனத்தோடை சனமாய் ஏப்ரலிலையே வந்திட்டம். நீங்கள் சொன்னபடி தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிட்டன் அக்கா."

"அவர்?"

"அவர் மாமா மாமியோடை கரையிலை நிண்டிட்டார். வயது போனதுகளைக் கப்பலிலைதான் ஏத்தலாம், நீ முன்னுக்குப் போ, நான் ஏத்திக்கொண்டு வாறன் எண்டவர். அண்ணை நிக்கிறாரோ? குடுங்கோ."

அண்ணை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனை வாங்கினார். இந்த முறை ஒலியைக் கூட்டவில்லை. ஆனால் நான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன், எல்லாம் கேட்டது. அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏச வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன்.

"அண்ணை, இஞ்சை எங்களுக்கு ஒண்டும் தெரியாது. ரேடியோவும் இல்லை. நாங்கள் வந்தாப்பிறகு அமெரிக்காக் கப்பல் வந்து ஆக்களை ஏத்தினதோ? ஏத்தினால் எங்கை கொண்டுபோய் இறக்கியிருப்பினம்? திருகோணமலையிலையோ, வேறை நாட்டிலையோ? உங்களுக்குத்தான் உதெல்லாம் தெரியும். அதுதான் அவரைத் தேட எங்கை கேக்கிறதெண்டு..."

அண்ணை பிரீசரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிரீசரடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

"விசாரிச்சுச் சொல்லுறன் பிள்ளை" என்றார்.

அந்த வருடம் முழுவதும் கைத்தொலைபேசி கிடைத்த போதெல்லாம் அவள் எடுத்தாள். எடுத்தபோதெல்லாம் அண்ணையைக் கேட்டு வாங்கி அதையே கேட்டாள். அவரும் ஒவ்வொரு முறையும், விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றே சொன்னார்.