பனி கொட்டுதுங்க

நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆட்டோ ஓட்டும் பழனியாண்டிக்கு ‘இல்லை’ என்ற சொல் வாயில் வராது. வழி தெரியுமா என்றால் தெரியும். மழை விடுமா என்றால் விடும். அதே ஸ்டாண்டில் ஓட்டுகிற நான் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். மனுஷன் பொய்யர் இல்லை. எதிரில் நிற்கிறவர் முகம் வாடினால் தாங்கமாட்டார், அவ்வளவுதான்.

ஜனவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து யோகராணி டீச்சர் பழனியாண்டிக்கு போன் போட்டார். போன வருஷம் சீதா எலிய கோயிலுக்கு இவர் ஆட்டோவில் போனவர். ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போக டீச்சருக்கு விசா கிடைக்கவில்லை.

“தம்பி, அங்க பனி கொட்டுதோ?”

“கொட்டு கொட்டுன்னு கொட்டுதுங்க டீச்சர். முன்னால போற பஸ்ஸே தெரியல.”

மறுநாள் காலையில் கம்பளிச் சால்வையும் கையுறையுமாக டீச்சர் வந்து இறங்கிவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

“தம்பி, இது புகார் எல்லோ! பிள்ளை நிக்கிற இடத்துப் பனி எங்க? அதை ஒருக்காத் தொட்டுப் பார்க்கத்தானே வந்தனான்.”

எங்கள் ஊரில் பனி என்றால் டீச்சர் ‘புகார்’ என்ற இந்த மூடுபனிதான், மலையிலிருந்து இறங்கி வந்து கண்ணை மறைப்பது. வானத்திலிருந்து கொட்டுகிற பனிக்கு நாங்கள் எங்கே போவது? சில விடியல்களில் புல்லின்மேல் வெள்ளையாக உறையும். அதற்கும் வானம் வெளுத்து, காற்று அடங்க வேண்டும். இந்த மூட்டத்தில் நடக்காத காரியம். அத்தனையையும் பழனியாண்டி வழக்கத்துக்கு மாறாக மறைக்காமல் சொன்னார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பழனியாண்டிமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

டீச்சர் மறுநாள் திரும்ப வேண்டும். பழனியாண்டி அவரைத் தேயிலைத் தோட்டத்தில் தான் குடியிருக்கும் லயத்து அறைக்கே கூட்டிப்போனார். சாயங்காலம் மூட்டம் விலகியது, காற்றும் நின்றது. நட்சத்திரம் தெரிந்ததும், விடியலில் புல்லில் உறையுமா என்று டீச்சர் ஆவலாகக் கேட்டார்.

“வரலாங்க, வராமலும் போகலாங்க” என்றார் பழனியாண்டி.

கொழுந்து பறிக்கும் அவர் மனைவி நாகலெட்சுமி பெருமூச்சு விட்டார். “உறைஞ்சா எங்க கொழுந்து கருகிரும். பரவாயில்ல, அந்தம்மாவுக்காக ஒரு நாளைக்கு வந்துட்டுப் போகட்டும்.”

விடிந்தும் விடியாமலும் பழனியாண்டி என்னையும் போன் போட்டு எழுப்பிக் குதிரைப் பந்தயத் திடலுக்கு வரச் சொன்னார். போனால் புல் முழுக்க மாவு சலித்துக் கொட்டிய மாதிரி வெள்ளை! எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. டீச்சர் கையுறையைக் கழற்றிப் புல்லைத் தடவினார். பிறகு செருப்பையும் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்று சிரித்தார்.

“மகனுக்கு போட்டோ அனுப்புவோமா டீச்சர்?” என்று பழனியாண்டி போனை எடுத்தார்.

டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. கால் விறைத்து நடுங்கியது. நாங்கள் இருவரும் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டோம்.

“இதுக்குள்ளயோ என்ர பிள்ளை விடியக்காலமை வேலைக்கு நடந்து போறவன்?” என்று அழுதார். “பனி எப்பிடி எண்டு கேட்டால், நல்ல வடிவாக் கிடக்குது அம்மா எண்டுதானே சொல்லுறவன்.”