ஒரே வால் முளைத்த கோப்புகள்

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில் எனக்கு வேலை. எல்லோரும் பயன்படுத்தும் பொது ஃபோல்டரிலிருந்து .dxf என்று முடிகிற கோப்புகளை மட்டும் பொறுக்கி, தோல் வெட்டும் மெஷினுக்கு அனுப்பும் சின்னப் பைத்தான் நிரல் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். ஷூவின் ஒவ்வொரு துண்டுக்கும் வரைந்த பேட்டர்ன் அந்தக் கோப்புகளில்தான் இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை அதை ஓட்டினேன். வெற்று அடைப்புக்குறிதான் வந்தது. ஒரு கோப்பும் இல்லை. சனிக்கிழமை நிரலில் கைவைத்திருந்ததால் என் தப்பு என்றே நினைத்தேன். புள்ளியை விட்டுவிட்டேனா, எழுத்து மாறிவிட்டதா என்று பார்த்தேன். கடைசியில் வடிகட்டும் வரியையே எடுத்துவிட்டு ஓட்டினேன்.

பெயர்கள் கொட்டின. ஆனால் ஒவ்வொன்றிலும் .dxf-க்குப் பின்னால், நான் பார்த்தே இராத இன்னொரு எக்ஸ்டென்ஷன் ஒட்டியிருந்தது. எல்லாவற்றிலும் அதே எழுத்துகள். பணம் பறிக்க யாரோ வெளியிலிருந்து நுழைந்து, யாராலும் திறக்க முடியாதபடி மொத்தத்தையும் பூட்டியிருந்தார்கள். ஓடிப்போய் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன்.

மேனேஜரிடம் சொன்னேன். பேட்டர்ன் வரையும் அக்கா என் பக்கத்து சீட்டு, அணைக்கட்டு ஊரிலிருந்து வருகிறவர். அவர் எழுந்து வந்து மெதுவாகச் சொன்னார்.

"டிசைன் கெடக்கட்டும். என் ஃபோல்டர்ல .jpg எதுனா தப்பிச்சிருக்கா பாரு."

"இன்னா ஃபோட்டோக்கா?"

"அம்மாவோடது. ஃபோன் ஒடஞ்சப்போ இங்கதான் ஏத்தி வெச்சேன். வேற எங்கயும் இல்ல."

அவர் அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பூட்டப்படாமல் ஒரு படமாவது தப்பியிருந்தால் அதன் பெயர் .jpg என்றே முடியும். வரியை மாற்றி ஓட்டினேன். மறுபடி வெற்று அடைப்புக்குறி.

"இன்னொரு தடவ ஓட்டும்மா," என்றார். ஓட்டினேன். அதேதான். அவர் அழவில்லை. போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தவர் சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை.

பேட்டர்ன்கள் பெரும்பாலும் திரும்பக் கிடைத்தன. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் மெயிலில் அனுப்பியிருந்ததை அவர்களே திருப்பி அனுப்பினார்கள், மெஷின் ஓடியது. பூட்டியவற்றைத் திறக்க வழியில்லை என்று சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். அக்காவின் கணவருடைய ஃபோனில் ஒரே ஒரு படம் இருந்தது. ஏதோ கல்யாணப் பந்தியில் எடுத்தது. அம்மா ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார், பரிமாறுகிறவரின் கை பாதி முகத்தை மறைத்திருக்கிறது. அதை அக்கா பெரிதாக்கிப் பெரிதாக்கி என்னிடம் காட்டினார்.